மதுரையில் அரங்கேறிய ஆயிரம் வினாக்கள்

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் அடைந்த பேறுகளுள் எதனைத் தன் மக்களுக்கும் பேரர்களுக்கும் எடுத்துச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறான் என்பதைக் கொண்டே அவனையும் அவன் சார்ந்த சமுதாயத்தையும் எடைபோட்டுவிடலாம். சிலர்க்கு அது தேடிய நிலம். சிலர்க்குப் பெற்ற பட்டம். நம் குடும்பங்கள் பலவற்றில், பாய்மரக் கப்பலேறி முதன்முதல் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாட்டனாரின் பயணம். பழங்காலத் தமிழ்ப் புலவன் ஒருவனை நிறுத்தி இதே வினாவைத் தொடுத்திருந்தால், தயங்காமல் ஒரே சொல்லில் விடையிறுத்திருப்பான். அச்சொல் அரங்கேற்றம் என்பது.

நூலை எழுதி முடித்துவிட்டாலே புலவனின் உழைப்பு முற்றுப்பெற்றதாக அக்காலத்தார் கருதவில்லை. கற்றோரை ஓரவையில் கூட்டி, பாட்டுப் பாட்டாகப் படித்து, பொருள் விரித்து, இலக்கணத் தடைகளுக்கும் பொருள் ஐயங்களுக்கும் நின்ற இடத்திலேயே விடை கூறி, அவையோர் தலையசைத்த பிறகே அது நூல் என்னும் பெயரைப் பெற்றது. பெருங்காப்பியமாயின் இது நாட்கணக்கில் நீளும். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் என்னும் பேராசானுக்கு ஐயமற விளக்கப்பட்டு அரங்கேறியதாகப் பனம்பாரனார் தம் பாயிரத்தில் கூறியுள்ளார். அச்சுப்பொறி வந்ததும் இவ்வழக்கம் படிப்படியாகத் தேய்ந்தது. இன்றைய நூல் வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு; கேள்வி கேட்பார்தாம் இல்லை.

அரபு நாட்டுக்கும் இது புதிதன்று. அறியாமைக் காலத்து உக்காழ்ச் சந்தையில் நாபிகா என்னும் முதுபெரும் புலவர்க்கெனச் சிவப்புத் தோற்கூடாரம் அடிக்கப்படும். இளம் புலவர்கள் அவர் முன் வந்து தம் கவிதைகளைப் பாடித் தீர்ப்புக் கேட்பர். இஸ்லாம் வந்த பின் நிகழ்ந்ததோ இதனினும் சிறப்புடையது. கஅப் இப்னு ஸுஹைர் என்னும் கவிஞர் பெருமானார் (ஸல்) அவர்களையும் முஸ்லிம்களையும் பழித்துப் பாடியவர். அதனால் தம் உயிருக்கே ஆபத்து வந்திருந்த நிலையில், ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் மதீனாப் பள்ளிவாசலுக்கு வந்து மன்னிப்பு வேண்டி, ஸுஆத் என்னும் பெண்ணின் பிரிவைச் சொல்லித் தொடங்கும் தம் கஸீதாவை நபித்தோழர் நிறைந்த அவையிலே பாடினார். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேனியிற் கிடந்த போர்வையை எடுத்து அவருக்கு அளித்தார்கள். பின்னாளில் முஆவியா (ரலி) அவர்கள் பெரும்பொருள் தருவதாகச் சொல்லியும் கஅப் தம் உயிருள்ளவரை அப்போர்வையை விற்க இசையவில்லை என்றும், அவர் மறைந்த பிறகே அவர் மக்களிடமிருந்து விலைக்குப் பெற முடிந்தது என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். ஒரு மனிதன் தன் வாழ்வின் பெருமையை எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று தேடவேண்டுவதில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கு இத்தகைய பேறு முதன்முதலாக வாய்த்த இடம் நம் மதுரை மாநகர். ஆண்டு 1572. நூலின் பெயர் 'ஆயிர மசலா என வழங்கும் அதிசய புராணம்'. பாடியவர் வண்ணப் பரிமளப் புலவர். இஸ்ஹாக் என்னும் இயற்பெயரினராகிய அவரை மதுரையைச் சார்ந்தவர் என்பர். முதற்பேறு என்று நாம் சொல்வதில் ஒரு வரையறை உண்டு. இதற்கு முன்னரே முஸ்லிம்களோடு தொடர்புடைய தமிழ்ச் செய்யுட்கள் தோன்றியிருந்தன. பல்சந்த மாலை என்னும் நூலின் பாடல்கள் சில, களவியற் காரிகையின் உரையில் மேற்கோளாக அகப்பட்டுப் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனால் முழுமையாக நம் கைக்கு வந்து சேர்ந்த இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது ஆயிர மசலாவே. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள். பாரசீக மூலத்தைத் தழுவிய பொருள். தமிழ்ப் புராண மரபின் வார்ப்பு. சீறாப்புராணம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்திய நூல் இது.

மசலா என்னும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மிடம் பயில வரும் சிறுவர்களிடம் இந்நூற்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவர்கள் முகத்தில் சிரிப்பு அரும்பும். அவர்கள் மனம் அடுக்களைக்குச் சென்றுவிட்டது என்று அறிந்துகொள்வோம். அடுக்களை மசாலா வேறு, இந்த மசலா வேறு. வினவுதல் என்னும் பொருளுடைய 'ஸஅல' என்னும் அரபு வேரிலிருந்து பிறந்த மஸ்அலா என்பதற்கு வினா, அல்லது ஆராய்ந்து விடை காணவேண்டிய பொருள் என்பது கருத்து. அதன் பன்மை மஸாயில். கறிக்கு இடும் மசாலாவோ 'ஸலஹ' என்னும் வேரிலிருந்து வந்த மஸாலிஹ் என்பதன் திரிபு. ஒன்றைச் சீர்ப்படுத்துவதற்கு வேண்டிய பொருள்கள் என்பது அதன் அடிப்படை. பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் வந்து இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒன்றாகிவிட்டன. மசலா என்பது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. நூறு மசலா, வெள்ளாட்டி மசலா ஆகியன நம் பாட்டிமார் கேட்டும் படித்தும் மகிழ்ந்தவை. பின்னதில் அடிமைப்பெண் ஒருத்தி அவையிலே அறிஞர் பலரின் வினாக்களுக்கும் விடைகூறி வெல்கிறாள். வினாவுக்கு அஞ்சாமையே இவ்வகை நூல்கள் அனைத்தின் உயிர்நாடி.

ஆயிர மசலாவின் கதை இது. யூதர்களின் வேதங்களில் கரைகண்ட அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்னும் அறிஞர், தம் இனத்தார் பலர் சூழ, பெருமானார் (ஸல்) அவர்களிடம் வருகிறார். தவுறாத்திலிருந்து தொகுத்தெடுத்த வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கிறார். வானங்கள், பூமி, வானவர், ஆதம் (அலை) அவர்களின் படைப்பு, சுவர்க்கம், நரகம், இறுதி நாள் எனப் படைப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை வினாக்கள் விரிகின்றன. ஒன்று எது, இரண்டு எது எனக் கணக்கு விடுகதை போல அடுக்கிச் செல்லும் வினாக்களும் இக்கதை மரபில் உண்டு. ஒன்று என்றால் இணையற்ற இறைவன், நான்கு என்றால் அருளப்பெற்ற வேதங்கள், ஐந்து என்றால் தொழுகை நேரங்கள் என விடைகள் வரும். எல்லாவற்றுக்கும் விடை கேட்டு உள்ளம் நிறைந்த அறிஞர், தம்மோடு வந்தாருடன் இஸ்லாத்தைத் தழுவுகிறார்.

ஹதீஸ் கலையைப் பயின்றவர்கள் இவ்விடத்தில் புருவம் நெரிப்பர். நெரிக்க வேண்டியதும் முறையே. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் வரலாற்று மனிதர். ஹிஜ்ரி 43இல் மறைந்த நபித்தோழர். ஹுஸைன் என்றிருந்த அவர் பெயரை அப்துல்லாஹ் என மாற்றியவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே. ஆனால் ஸஹீஹுல் புகாரியில் அவர் கேட்டதாக வருபவை மூன்றே வினாக்கள்: இறுதி நாளின் முதல் அடையாளம் யாது? சுவர்க்கவாசிகள் உண்ணும் முதல் உணவு யாது? குழந்தை சில வேளை தந்தையையும் சில வேளை தாயையும் ஒத்துப் பிறப்பது எதனால்? விடைகளைக் கேட்ட அக்கணமே அவர் கலிமா மொழிந்தார்.

நம் நெஞ்சைத் தொடுவது அதன் பிறகு நிகழ்ந்ததுதான். தாம் மறைந்திருக்கையில் தம்மைப் பற்றித் தம் மக்களிடம் விசாரிக்குமாறு அவர் பெருமானாரை வேண்டிக்கொள்கிறார். வந்தவர்கள், தம்மில் மிகச் சிறந்தவர் அவரே என்றும், சிறந்தவரின் மகன் என்றும், தம்முள் பேரறிஞர் என்றும் அவரைப் போற்றுகின்றனர். உடனே அவர் வெளிப்பட்டுத் தம் புதிய நம்பிக்கையை அறிவிக்கிறார். அதே வாய்கள், தம்மில் கீழானவர் அவரே, கீழானவரின் மகனே என்று தூற்றுகின்றன. ஓர் ஊர் முழுவதும் மதித்துப் போற்றிய பெயரை, கூடிய அவையின் நடுவே, ஒரு மொழியால் உதிர்த்துவிட்டு நின்றார் அப்பெரியார். புகழ் போகும் என்று தெரிந்தே செய்தார். அந்தப் புகழுரையைத் தம் காதாலேயே கேட்டுக்கொண்டு செய்தார். சிலர் பெருமைப்படுவதற்குரிய செயல் ஒன்றை அடைவதால் சிறப்படைகின்றனர். இவர் அவ்வாறான ஒன்றை விட்டதால் சிறப்படைந்தார்.

மூன்று வினாக்கள் ஆயிரமானது கதை சொல்வோரின் கைவண்ணம். அந்தக் கைவண்ணமோ உலகை வலம் வந்த ஒன்று. அரபியில் மஸாயில் அப்தில்லாஹ் இப்னி ஸலாம் என வழங்கிய இக்கதை பாரசீகம், துருக்கி, உருது, மலாய், ஜாவா மொழிகளிலெல்லாம் பெயர்ந்து வாழ்ந்தது. ஜாவாவில் அறிஞரின் பெயரே ஸமூத் என மாறிவிட்டது. ஐரோப்பாவிலும் அது புகுந்தது. 1143ஆம் ஆண்டு வாக்கில் கரிந்தியாவின் ஹெர்மன் என்பவர் அதனை இலத்தீனில் பெயர்த்தார். 1543இல் பாசெல் நகரில் பிப்லியாண்டர் அச்சிட்ட இலத்தீன் குர்ஆன் பதிப்போடு அதுவும் சேர்ந்து வெளிவந்தது. இலத்தீனில் அதை ஆக்குவித்தோர் நோக்கம் இஸ்லாத்தை மறுப்பதற்குச் சான்று திரட்டுவது. அந்தப் பாசெல் பதிப்பு வந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அதே கதையை வைகைக் கரையில் ஒரு புலவர் அன்பால் உருகிப் பாடி அவையேற்றுகிறார். ஒரே பொருள், இரு கைகள்! தமிழ், மலாய், ஜாவா ஆகிய மூன்றின் ஆயிர மசலாக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து ரொனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் 2011இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்.

எனவே இந்நூலை மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரமாகக் கொள்ளுதல் ஆகாது. அதில் வரும் விடைகளுள் குர்ஆனுக்கும் ஆதாரபூர்வமான நபிமொழிக்கும் ஒத்தனவும் உண்டு. கதை மரபாய் வந்து சேர்ந்தனவும் உண்டு. இக்காரணம் பற்றியே இத்தகைய நூல்களை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்பாரும் நம் உலமாக்களில் இருக்கின்றனர். அவர்களின் கவலையை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. அகீதாவை அகீதா நூல்களில் கற்போம். ஒரு சமுதாயம் தன் ஈமானைத் தன் தாய்மொழியில் எப்படிப் பேசக் கற்றது என்பதை அறிய இந்நூலிடம் வருவோம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்க்கு இதில் இடர் ஏதுமில்லை.

பேசக் கற்றது என்பதை வெறும் அலங்காரமாகச் சொல்லவில்லை. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது. எனவே ரசூல் 'இறசூல்' ஆகவேண்டும். ஜிப்ரீல் 'சிபுறயீல்' ஆகிறார். புர்கான் 'புறுக்கான்' ஆகிறது. நம் புலவர்கள் வடசொற்களைத் தமிழ் ஏற்றுக்கொண்ட வழியிலேயே அரபுச் சொற்களையும் இலக்கணத்தின் வாயில் வழியாக அழைத்து வந்தனர். சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. அவ்வாறு அழைத்து வந்த சொற்களைக் கற்றோர் நிறைந்த அவையின் முன் நிறுத்தி, இவையும் இனித் தமிழே என்று ஒருவர் வாதிட்டு நின்ற நாள் எத்தகையதாக இருந்திருக்கும்! வினாவையே பொருளாகக் கொண்ட நூலை, வினாக்களால் சோதிக்கும் அவையில் படிக்கிறார். இப்னு ஸலாம் கேட்கும் இடத்தில் இருந்தார். புலவரோ விடை சொல்லும் இடத்தில் நின்றார்.

மேடைப் பேச்சாளர் சிலர், ஆயிர மசலா 'மூன்றாம் தமிழ்ச் சங்கத்தில்' அரங்கேறியது என்று முழங்கக் கேட்டிருக்கிறோம். கைதட்டலும் எழுகிறது. ஆனால் நக்கீரரும் கபிலரும் இருந்ததாகச் சொல்லப்படும் அச்சங்கம் 1572க்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே மறைந்துவிட்டது. மதுரையில் கூடிய புலவர் அவை எதனையும் சங்கம் என்று வழங்குவது பிற்கால மரபு. மதுரைக் கற்றோர் அவையில் அரங்கேறியது என்பதே உண்மை. அதுவே போதிய பெருமை. அதற்குமேல் ஏற்றிச் சொல்வது வண்ணப் பரிமளப் புலவர்க்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகாது.

வேறொரு பெருமையும் மதுரையைக் குறித்து நம்மவரிடையே வழங்குகிறது. 1335 முதல் 1378 வரை இந்நகரில் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்டனர் என்பது அது. ஆண்டது உண்மை. அவர்களின் காசுகள் கிடைத்துள்ளன. உலகப் பயணியான இப்னு பதூதா அக்காலத்தில் இங்கு வந்து தங்கியிருக்கிறார். அவர் எழுதி வைத்ததைப் படித்தவர்கள் இப்பெருமையை அடக்கியே பேசுவர். சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்கு மிக நெருங்கிய உறவினர். இருவர் மனைவியரும் உடன்பிறந்தோர். அவ்வாறிருந்தும், சிறைப்பட்ட மக்களுக்கு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட, அச்சுல்தான் இழைத்த கொடுமைகளை அவர் மறைக்காமல் எழுதி, தம் வெறுப்பையும் வெளிப்படையாகவே பதித்திருக்கிறார். உறவினரென்றும் பாராமல் உண்மை எழுதிய அந்த முஸ்லிம் பயணியின் பேனாவைக் குறித்து நாம் பெருமைப்படலாம். அந்த அரியணையைக் குறித்துப் பெருமைப்பட நம் மார்க்கம் இடந்தரவில்லை.

அரியணை போயிற்று, மக்கள் இருந்தனர். 1378க்கும் 1572க்கும் இடையே 194 ஆண்டுகள். அந்த இடைவெளியில் மதுரை முஸ்லிம்கள் ஆள்வோராக அன்றி அண்டை வீட்டாராக வாழக் கற்றனர். காஜிமார் தெருவின் பெரிய பள்ளிவாசலுக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே நடந்துசெல்லும் தூரந்தான். 1572இல் ஆட்சி நாயக்கர்களுடையது. முதலாம் கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சி முடிந்து வீரப்ப நாயக்கரின் காலம் தொடங்கிய ஆண்டு அது. வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்காவின் கல்வெட்டு ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். பாண்டியர் காலத்தில் அத்தர்காவுக்கு உரிமையாக்கப்பட்ட ஊர்கள் அவ்வாறே தொடர வேண்டும் என 1573இல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததை அது தெரிவிக்கிறது. ஓராண்டில் முஸ்லிம் புலவரின் நூலுக்கு மதுரையின் அவை இசைகிறது. அடுத்த ஆண்டில் முஸ்லிம்களின் நிலவுரிமைக்கு மதுரையின் அரசர் இசைகிறார். ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அக்கால மதுரையின் காற்று எவ்வாறிருந்தது என்பது புலனாகிறது.

கடற்கரையிலோ அன்று நிலைமை நேர்மாறாக இருந்தது. போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறையைக் கைப்பற்றியிருந்தனர். 1538இல் வேதாளையில் நிகழ்ந்த போரில் மரக்காயர்களின் கப்பற்படை அவர்களிடம் தோற்றது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் கையிலிருந்த கடல் வாணிகம் நழுவிக்கொண்டிருந்தது. அத்தகைய இழப்புகளின் நடுவேதான் மதுரைப் புலவர் இந்நூலைப் பாடினார். போர்ச்சுக்கீசியப் பாதிரியாரான அன்றிக்கே அன்றிக்கசு தமிழில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அது. அதற்கு ஆறாண்டு முன்னரே நம் நூல் ஏட்டில் ஏறி, அவையிலும் ஏறிவிட்டது. முஸ்லிம்கள் தமிழுக்குப் பிந்தி வந்தவர்கள் என்று எண்ணுவோர் இந்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்பாராக.

எல்லாப் புலவர்க்கும் அவை எளிதில் கிட்டிவிடவில்லை. 1590இல் ஆலிப் புலவர் மிகுராசு மாலையைப் பாடினார். பெருமானாரின் விண்ணேற்றத்தைப் பாடிய அந்நூலை அரங்கேற்ற ஆதரவு தேடி அலைந்த அவர், இறுதியில் கோட்டாற்றில் பாவாடைச் செட்டியார் என்பவரின் உதவியால் அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மிஃராஜ் இரவின் மாண்பைப் பாடிய நூலுக்கு ஒரு செட்டியார் செலவு செய்தார். உமறுப் புலவர் கதை நேயர்கள் அனைவரும் அறிந்ததே. சீறாவைப் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி அதன் அரங்கேற்றத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் முன்வந்து நிறைவேற்றினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட காப்பியத்தில் அவ்வள்ளலின் பெயரைப் பல இடங்களில் பொதிந்து வைத்தார் புலவர். கொடையின் கணக்கு அன்றே தீர்ந்தது. அப்பெயர் இன்றும் ஓதப்படுகிறது.

பெருமை கொள்ளலாமா என்னும் வினாவும் ஈண்டு எழும். கிப்ரு என்னும் ஆணவத்தை மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அழகிய ஆடையை விரும்புவதும் ஆணவமாகுமா என ஒருவர் கேட்டபோது, இல்லை, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே ஆணவம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ளுஹா அத்தியாயத்தின் இறுதி வசனமோ, இறைவன் அளித்த அருட்கொடையை எடுத்துரைக்குமாறே பணிக்கிறது. நம் புலவர்களுக்கு இந்த எல்லைக்கோடு நன்கு தெரிந்திருந்தது. கடவுள் வாழ்த்தும் நபி வாழ்த்தும் பாடி, அவையடக்கத்தில் தம் சிறுமையைச் சொல்லி, அதன் பிறகு தம் ஆற்றல் முழுவதையும் தயங்காமல் காட்டினர்.

மதுரைக்கு மீண்டும் வருவோம். 1901இல் பாண்டித்துரைத் தேவர், பாஸ்கர சேதுபதியின் துணையோடு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இது நான்காம் தமிழ்ச் சங்கம் எனப்பட்டது. அச்சங்கத்துப் புலவருள் ஒருவராக நாகூர் குலாம் காதிறு நாவலர் விளங்கினார். சங்கத்தை நோக்கிப் புலவரை வழிப்படுத்தும் முறையில் அவர் பாடிய 'மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராற்றுப்படை' 1903இல் வெளிவந்தது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிசொல்வது ஆற்றுப்படை. வண்ணப் பரிமளப் புலவர் தமக்கு இடங்கேட்டு நின்ற அதே நகருக்கு, 331 ஆண்டுகளுக்குப் பின், ஒரு முஸ்லிம் புலவர் மற்றப் புலவர்களுக்கெல்லாம் வழிகாட்டியாக நின்றார்.

இந்நூற்றொடரை ஒரு வரலாறாகக் கோத்துத் தந்தவர் இலங்கைப் பாணந்துறையில் 1922இல் பிறந்த ம. மு. உவைஸ் அவர்கள். இலங்கைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகளின் தூண்டுதலால் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டை ஆராயப் புகுந்தார். அவ்வாய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதுவரை சீறா ஒன்றே நம் நூல் என்றிருந்தவர்க்கு, ஏடுகளிலும் பழம்பதிப்புகளிலும் புதைந்து கிடந்த மாலைகள், படைப்போர்கள், கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள், மசலாக்கள் வரிசையாகத் தெரியலாயின. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக் கழகம் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கெனத் தனி இருக்கை ஏற்படுத்தியபோது, 1979இல் அதன் முதற் பேராசிரியராக அழைக்கப்பெற்றவர் அவரே. நாகமலைக்கருகே அமைந்த பல்கலை நகரில் அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு 1986 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. ஆயிர மசலாவும் 1984இல் சென்னையில் பதிப்பிக்கப்பெற்று மீண்டும் மக்கள் கைக்கு வந்தது. உவைஸ் அவர்கள் 1996இல் இறையடி சேர்ந்தார். அவர் எழுதிய தொகுதிகளும் அந்த 1984ஆம் ஆண்டுப் பதிப்பும் நம் ஊர்களின் மத்ரஸா நூலகங்கள் எத்தனையில் இருக்கின்றன என்று அந்தந்த ஊர் ஜமாஅத்தார் ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.